டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் சார்ந்த நரம்பு உளவியல் குறைபாடுகள்

டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் சார்ந்த நரம்பு உளவியல் குறைபாடுகள் என்பவை, டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்னும் அரிய மரபணு நோய் உள்ளவர்களிடம் காணப்படும் நடத்தை, மனநலம், அறிவுத்திறன், கல்வி தொடர்பான சிக்கல்கள் ஆகும். இந்நோயுள்ளோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் இவற்றுள் ஒன்றையேனும் எதிர்கொள்கின்றனர்.

நோயின் தன்மை

1880 ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் பூர்ன்வில் இந்நோயை விவரித்தார். மூளையில் கிழங்கு போன்ற தடிப்புகள் காணப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. சுமார் 6000 குழந்தைகளில் ஒன்று இந்நோயுடன் பிறக்கின்றது. 9 ஆவது நிறப்புரியிலுள்ள டி.எஸ்.சி1 அல்லது 16 ஆவது நிறப்புரியிலுள்ள டி.எஸ்.சி2 மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். இம்மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்னும் புரதத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அக்கட்டுப்பாடு குலையும்போது மூளை, தோல், இதயம், சிறுநீரகம் முதலியவற்றில் கட்டிகள் தோன்றுகின்றன. பெரும்பாலான குழந்தைகளில் இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாக ஏற்படுகின்றது.

வலிப்பு நோயுடன் தொடர்பு

இந்நோயுள்ளோரில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு ஏற்படுகின்றது. பலருக்கு அது முதல் வயதிலேயே தொடங்குகின்றது. வலிப்பு விரைவில் தொடங்கிக் கட்டுப்படாதிருந்தால் அறிவுத்திறன் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு அதிகம். எனினும் வலிப்பு மட்டுமே இக்குறைபாடுகளுக்குக் காரணமன்று. மரபணு மாற்றமும் மூளையின் இணைப்புகளை நேரடியாகப் பாதிக்கின்றது.

வகைகள்

* நடத்தை: உறக்கமின்மை, கடுஞ்சினம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்
* உளநோய்: மதியிறுக்கம், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, பதற்றம்
* அறிவுத்திறன்: ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறைபாடு காணப்படும்
* கல்வி: படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் இடர்ப்பாடு
* நரம்பு உளவியல்: நினைவாற்றல், கவனம், திட்டமிடல் ஆகியவற்றில் குறை
* உளச்சமூகம்: தன்மதிப்புக் குறைவு, குடும்பத்தின் மன அழுத்தம்

கண்டறிதல்

மருத்துவமனையில் வலிப்பும் கட்டிகளுமே முதன்மையாகக் கவனிக்கப்படுவதால் இக்குறைபாடுகள் பெரும்பாலும் கண்டறியப்படுவதில்லை. இந்நிலையை மாற்றுவதற்காக 2012 ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவர் கருத்தொருமிப்பில் இவற்றுக்குப் பொதுப்பெயர் வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஒருமுறையேனும் இவற்றைச் சோதித்தல் வேண்டும் என்பது பரிந்துரையாகும். இயல்பான அறிவுத்திறன் உடைய குழந்தைக்கும் கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் குறை இருக்கக்கூடும். அதனைச் சோம்பலென்று கருதுதல் தவறாகும்.

சிகிச்சை

கைக்குழந்தைகளுக்கு வரும் இழுப்பு வகை வலிப்புக்கு விகாபாட்ரின் முதல்நிலை மருந்தாகும். எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் வலிப்பைக் குறைக்கின்றது; ஆயினும் கற்றலிலோ நடத்தையிலோ அதனால் தெளிவான முன்னேற்றம் மருத்துவ ஆய்வுகளில் காணப்படவில்லை. ஆகவே வலிப்பு நின்ற பின்னரும் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி, பெற்றோருக்கான ஆலோசனை ஆகியவை குழந்தையின் தேவைக்கேற்பத் தொடர வேண்டும்.