ஊர்ப் பெயர் சொல்லும் கற்கள்

சென்னைப் பட்டணத்து மக்கள் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு அந்நாளில் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள விலங்குகளைக் காட்டும் இடம் ‘உயிர் காலேஜ்’. உயிரற்றவற்றைக் காட்டும் இடம் ‘செத்த காலேஜ்’. வங்க மக்களோ கல்கத்தாவில் உள்ள இந்தியப் பொருட்காட்சிச் சாலையை ‘ஜாதுகர்’ என்கிறார்கள். மாயவித்தை வீடு என்பது அதன் பொருள். இவ்விரண்டு பெயர்களில் எது பொருத்தம் என்பது, உள்ளே சென்று எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளி கோயில், தட்சிணேசுவரம், விக்டோரியா மண்டபம் ஆகியவற்றோடு ஜாதுகரையும் காட்டி அழைத்து வருவது நம் குடும்பங்களில் வழக்கம். எகிப்து தேசத்துப் பதப்படுத்திய சடலமும், பிரம்மாண்டமான எலும்புக் கூடுகளும், வானத்திலிருந்து விழுந்த விண்கற்களும் குழந்தைகளைக் கவர்ந்துவிடும். ஆயினும் நாம் இங்கு எழுத விரும்புவது, அங்கே சிவந்த மணற்கல்லாலான ஒரு வேலியைப் பற்றியே.

முதலில் அந்தச் சாலையின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். நம் தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களுக்குக் கல்கத்தாவை அடுத்த சேரம்பூரிலும் ஒரு குடியேற்றம் இருந்தது. அங்கு வைத்தியராக வந்தவர் நதானியல் வாலிக். 1808-இல் ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றியபோது அவர் சிறைப்பட்டார். பின்னர் அவருடைய தாவர நூற் புலமையை அறிந்து விடுவித்தனர். அவர் 1814-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி ஆசியக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதி, பொருட்காட்சிச் சாலை ஒன்று நிறுவ வேண்டுமென்றும், தம் சேகரிப்பிலிருந்தே பொருள்கள் தருவதாகவும் தெரிவித்தார். இந்தியாவின் முதற் பொருட்காட்சிச் சாலை இவ்வாறு தோன்றியது. சென்னைச் சாலை பிறந்தது 1851-இல்தான். 1866-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சௌரங்கிச் சாலையில் இன்று நாம் காணும் வெண்ணிற மாளிகை 1878 ஏப்ரல் 1-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2014-இல் இருநூறாம் ஆண்டு விழாவும் நடந்தேறியது.

இனி அந்தக் கல்வேலிக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் சத்னா ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 9 மைல் தொலைவில் பர்ஹுத் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1873-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கு வந்த தொல்பொருள் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், மண்ணில் பாதி புதைந்து கிடந்த தூண்களைக் கண்டார். கி. மு. 2-ஆம் நூற்றாண்டையொட்டி எழுந்த பௌத்த ஸ்தூபி ஒன்றைச் சுற்றி நின்ற வேலி அது. ஸ்தூபியின் செங்கல்லையும் கல்லையும் சுற்றுப்புறத்தார் வீடு கட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்தனர். எஞ்சியவற்றில் பெரும்பகுதியும் கிழக்கு வாயிலும் அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தா வந்து சேர்ந்தன.

வேலி சுமார் 9 அடி உயரம். வட்டமான சிற்பங்கள் பலவற்றில் புத்தரின் முற்பிறவிக் கதைகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும். அநாதபிண்டிகர் என்னும் வணிகர், புத்தருக்கு அளிப்பதற்காக ஜேதவனத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். நிலம் முழுவதையும் காசுகளால் மூட வேண்டும் என்பதே விலை. காசு கொண்டு வந்த வண்டியின் மாடுகள் நுகத்தடியிலிருந்து அவிழ்க்கப்பட்டு இளைப்பாறுகின்றன. ஆட்கள் தரையிலே சதுரச் சதுரமாகக் காசுகளைப் பரப்புகிறார்கள். வணிகர் கெண்டியைப் பிடித்து நீர் வார்த்துத் தானம் செய்கிறார். நடந்தது இன்னதென்று அருகிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சரக்கு அலுவலகத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் அனுப்புபவர் யார், எந்த ஊர் என்று குறித்திருக்க வேண்டும். குறிப்பு அழிந்த மூட்டை, எத்தனை விலையுயர்ந்ததாயினும், உரியவரைச் சேராது. பர்ஹுத் வேலியைக் கண்டபோது எங்களுக்கு இதுவே நினைவுக்கு வந்தது. அதில் 200-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. வாயிலை எழுப்பியவன் தனபூதி என்னும் அரசன். ஆனால் வேலியின் தூண்களையும் குறுக்குக் கற்களையும் அளித்தவர்களில் பலர் துறவிகள், இல்லறத்தார், பெண்கள். விதிசை நகரத்து ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவி ‘முதல் தூண்’ கொடுத்தாள். பாடலிபுத்திரத்திலிருந்து நாகசேனை என்பவள் ஒரு கல் கொடுத்தாள். தங்கள் பெயரோடு தங்கள் ஊரையும் சொல்ல அவர்கள் மறக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் வெள்ளறை வணிகர் குழுவினர் முனிவர்களுக்குச் செய்த கொடையைத் தமிழிலே பொறித்தனர். அங்கும் கொடையோடு ஊர்ப் பெயர் நிற்கிறது.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. கொடையாளர் பெயர்கள் யாவும் பிராமி எழுத்தில் உள்ளன. ஆனால் வாயிலின் சிறு தூண்களில் கல் தச்சர் இட்ட அடையாளக் குறிகள் சில கரோஷ்டி எழுத்தில் இருக்கின்றன. வலமிருந்து இடமாக எழுதப்படும் அவ்வெழுத்து, இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் பக்கத்துக் காந்தார நாட்டில் வழங்கியது. ஆகவே வடமேற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கைவினைஞர்கள் இவ்வாயிலில் வேலை செய்தனர் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். வேலை செய்த ஊரில் வழங்கியது வேறு எழுத்து. அவர்கள் கைக்குப் பழகியது தங்கள் நாட்டு எழுத்து. யாருக்கும் காட்டுவதற்காக அவர்கள் அதை எழுதவில்லை. ஆயினும் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இன்று நமக்குள்ள சான்று அவ்வெழுத்துத்தான்.

இக்கற்களைப் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தது முறையா என்ற வாதம் அன்றே எழுந்தது. இலங்கையில் உத்தியோகம் பார்த்தவரும், பாலி அகராதி தொகுத்தவருமான சில்டர்ஸ் அதைக் கண்டித்தார். கன்னிங்ஹாமோ, அங்கேயே விட்டுவந்த கற்களில் எடுக்கக் கூடிய ஒவ்வொன்றையும் மக்கள் பின்னர் கொண்டுபோய்விட்டனர் என்று பதிலளித்தார். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. இடம் பெயர்ந்ததாலேயே ஒன்று பிழைத்துவிடும் என்பதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதே மாளிகையிலிருந்து விலங்கியல் சேகரிப்பு காசிக்கு அனுப்பப்பட்டது. 1943-இல் வரணை ஆற்று வெள்ளம் புகுந்து அதற்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. பர்ஹுத் கற்கள் பிழைத்தன. அவற்றின் கதையும் பிழைத்ததற்குக் காரணம், பெயரும் ஊரும் அவற்றின் மேலேயே எழுதியிருந்தமைதான்.

நாமும் பிழைப்பின் பொருட்டு இடம் பெயர்ந்தவர்களே. நம் குழந்தைகள் வங்காளியும் ஹிந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறார்கள், அது பெருமைக்குரியதே. ஆனால் பாட்டனார் பிறந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் எத்தனை பேர் எழுதுவார்கள்? வீட்டிலே பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை. அவர்களுக்குப் பின் கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை சாலைக்கு விடுமுறை. ஞாயிறன்று குழந்தைகளோடு செல்லுங்கள். பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்து செல்லும் தூரம்தான். மம்மியையும் எலும்புக் கூட்டையும் அவர்கள் ஆசை தீரப் பார்க்கட்டும். பிறகு பர்ஹுத் கூடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். வண்டி மாடுகளைக் காட்டுங்கள். சாபதேவி தந்த தூணைப் பற்றிச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாட்டன் பாட்டியர் பெயரையும் ஊரையும் குழந்தையின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் குற்றமில்லை.