பில்டு முடிஞ்சுதா, பாஸா?



முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "சார், ஜாப் முடிஞ்சிருச்சு சார்!" என்று பீஸை நீட்டுவோம். இன்ஸ்ட்ரக்டர் அதில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். இடுக்கில் ஒரு கீற்று தெரிந்தால் போதும். "முடிஞ்சது சரி தம்பி, பாஸ் இல்லை. திரும்ப ராவு!" என்பார்.

முடிந்தது வேறு, தேறியது வேறு. கம்ப்யூட்டர் துறையிலும் இதே பாடத்தை நாங்கள் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பைப்லைன் என்றால் என்ன?

நாம் எழுதிய புரோகிராமைப் பொதுக் களஞ்சியத்துக்கு 'புஷ்' செய்ததும் எங்கோ ஒரு சர்வர் விழித்துக்கொள்கிறது. புதிதாக ஒரு மெஷினை எடுத்து, நம் கோடை அதில் இறக்கி, பில்டு செய்து, டெஸ்டுகளை ஓட்டி, எல்லாம் சரியானால் வெளியீடும் செய்கிறது. இந்த வரிசைதான் பில்டு பைப்லைன். 2001-இல் வந்த குரூஸ்கண்ட்ரோல், 2011-இல் அந்தப் பெயரைப் பெற்ற ஜென்கின்ஸ், 2019 முதல் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லாம் இதே வேலையைச் செய்பவைதான்.

ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அதற்கு 'எக்ஸிட் கோட்' என்று பெயர். சைபர் என்றால் வெற்றி, வேறு எந்த எண் வந்தாலும் தோல்வி. நம் பரீட்சையில் சைபர் வாங்கினால் அரியர், இங்கே சைபர் வாங்கினால்தான் பாஸ்! பொதுவாக ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் ஓடாது.

ஏஜென்ட் எப்படிப் பார்த்துச் சொல்கிறது?

இந்த நிலவரத்தைத் தெரிந்துகொள்ள 2000-களின் தொடக்கத்தில் சில குழுக்கள் அலுவலகத்தில் பச்சை, சிவப்பு லாவா விளக்குகளை மாட்டி வைத்தன. இன்று ஏ.ஐ. ஏஜென்டிடம் பேச்சு வழக்கிலேயே கேட்டுவிடலாம்.

ஆனால் ஏஜென்டுக்கு ஞான திருஷ்டி கிடையாது. உள்ளே இருக்கும் மொழி மாடலுக்கு சர்வர் கண்ணில் படாது. அது ஒரு 'டூலை' அழைக்கும். அந்த டூல் சர்வரிடம் கேட்டு பதிலை வாங்கி வரும். மாடல் அதைப் படித்து நமக்குச் சொல்லும். இப்படி மாடலையும் டூலையும் இணைப்பதற்கான பொது ஏற்பாடுதான் 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்'. ஆக, ஏஜென்ட் ஒரு தூதுவர். தூதுவரிடம் என்ன கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும்.

எங்கள் கதை

புராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தைய ராத்திரி. நூலகப் புத்தகக் கணக்குக்கான சாஃப்ட்வேர். பதினொன்றரை மணிக்குக் கடைசித் திருத்தத்தை புஷ் செய்துவிட்டு, "பில்டு முடிஞ்சுதா?" என்று ஏஜென்டிடம் கேட்டோம். "ஆம், முடிந்துவிட்டது" என்றது. நாலு பேரும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டோம்.

காலையில் எக்ஸ்டர்னல் முன்னால் திறந்தால் பழைய வெர்ஷன்! தாமத அபராதக் கணக்கு டெஸ்ட் தோற்றிருந்தது. எதிர்பார்த்தது 14, வந்தது 15. அதனால் வெளியீட்டுப் படி ஓடவே இல்லை.

ஏஜென்ட் பொய் சொன்னதா? இல்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு விவரம் தரும். ஒன்று 'ஸ்டேட்டஸ்': வரிசையில் நிற்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா. இன்னொன்று 'கன்க்ளூஷன்': வெற்றியா, தோல்வியா, ரத்தா, நேரம் தாண்டியதா, தவிர்க்கப்பட்டதா. நாங்கள் முதலாவதைக் கேட்டோம், எங்களுக்குத் தேவைப்பட்டதோ இரண்டாவது!

கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. எந்த கமிட்? நேற்றைய கமிட்டின் பச்சையை இன்றைய பச்சை என்று நம்பிவிடக் கூடாது. கமிட் எண்ணின் முதல் 7 எழுத்தைக் கேட்டு, நம்முடையதோடு ஒப்பிடுங்கள்.

2. கன்க்ளூஷன் என்ன? 'முடிந்தது' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

3. எத்தனை டெஸ்ட் ஓடின, எத்தனை தாண்டப்பட்டன? நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட ஜாபையும் கிட்ஹப் வெற்றிக் கணக்கில்தான் காட்டும். 'தோற்றாலும் தொடர்க' என்று ஒரு படிக்கு எழுதி வைத்திருந்தால், அது தோற்றாலும் ஜாப் பச்சையாகவே வரும். ஹாலுக்கே போகாமல் பாஸ் ஆன மாதிரி!

4. தோற்றிருந்தால், லாகில் உள்ள வரி எது? "டேட்டாபேஸ் பிரச்சினையாக இருக்கலாம்" என்பது வெறும் ஊகம். "எதிர்பார்த்தது 14, வந்தது 15" என்பதுதான் ஆதாரம். நீளமான லாகில் பாதியை மட்டும் படித்துவிட்டு மாடல் மீதியை ஊகிப்பதும் உண்டு. ஆகவே வரியை அப்படியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டத்தின் லிங்க்கையும் வாங்கி, ஒருமுறை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

சாவியை யாரிடம் கொடுப்பது?

நிலவரம் பார்க்கும் வேலைக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமையையும் கொடுத்துவிட்டு "எப்படியாவது பச்சையாக்கு" என்று சொன்னீர்களோ, தோற்கும் டெஸ்டையே நீக்கிவிட்டுப் பச்சை காட்டவும் அது தயங்காது. டிகிரியைக் குறைக்கத் தெர்மாமீட்டரை உடைத்த கதைதான். இன்னொன்று: லாகுக்குள் வேறு யாரோ எழுதிய வாசகமும் வரலாம். அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏஜென்ட் இறங்கினாலும், கையில் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால் சேதம் குறைவு.

நண்பர்களே, ஏஜென்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து லாகைப் புரட்டும் வேலையை நொடியில் முடித்துத் தருகிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. அடுத்த ரிவியூவுக்கு முந்தைய ராத்திரி, "முடிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கமிட் பாஸா?" என்று கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுங்கள்!