மூக்குக்கு ஏற்ற மாஸ்க்

எங்கள் மண்ணூரில் வீட்டுக்கு ஒருவராவது ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஒன்றை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் மறுவாரம் ராத்திரி ஷிப்ட். வீட்டுக்கு வந்து படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பமாகிவிடும். "உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறான். அதைப் போய் பெரிசு பண்றியே" என்பார் என் மாமியார். நானும் 18 வருஷம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன்.

ஒரு ராத்திரி அந்தக் குறட்டை சட்டென்று நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறது. மூச்சு மட்டும் வரவில்லை. மனசுக்குள் எண்ணினேன். 20 தாண்டியதும், கிணற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, தலைவலி என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் பெங்களூர் நெடுஞ்சாலை சிக்னலில் வேன் நின்ற இடத்திலேயே கண் அயர்ந்துவிட்டாராம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார். வண்டிக்குள் 14 பேர். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வேனில் போகிற எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும்.

சென்னைக்கு அழைத்துப் போனேன். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 41 தடவை மூச்சுத் தடைப்படுகிறதாம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக் கொள்கிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் காலமானபோது டாக்டர்கள் சொன்னது இந்த வியாதியைத்தான். 2023-இல் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இது இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். ஆண்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் கூடுகிறது. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகக் குறட்டை வந்து, பிரஷரும் ஏறினால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சொன்ன வைத்தியம் சி-பாப் மெஷின். மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. மாஸ்க் வழியாகக் காற்றை மெதுவாக அழுத்தி அனுப்பினால், அந்தக் காற்றே தொண்டைக்கு முட்டுக் கொடுத்து மூடாமல் பார்த்துக் கொள்கிறது. என் வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போயின. மெஷின் வாங்கின கடையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, "எல்லாருக்கும் இதுதாம்மா" என்றார்கள். பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் ராத்திரி காற்று மேல்பக்கமாகக் கசிந்து கண் சிவந்தது. மறுநாள் வாரை இறுக்கிக் கட்டினோம். மூக்குத் தண்டில் புண். "மாட்டுக்கு வாய்க்கூடை போட்ட மாதிரி இருக்கும்மா, வேணாம்" என்றார். நாலாம் நாள் மெஷின் பரணுக்குப் போனது. மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. அந்த மூன்று வாரமும் அவர் வேன் சாவியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்தச் சிகிச்சையை முதன்முதலில் 1981-இல் ஐந்து நோயாளிகளுக்குச் செய்து பார்த்து எழுதியவர் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர். அந்த ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் மூக்கையும் அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு ஒட்டுவார்களாம். ஆளுக்கு ஆள் மூக்கு வேறு என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்காரருக்கும் எனக்கும்தான் தெரியவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, மாஸ்க்கை உட்காரவெச்சுப் போட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. படுக்கவெச்சு, காத்தை ஓடவிட்டு, ரெண்டு பக்கமும் புரளச் சொல்லிப் பார்க்கணும்" என்று சொல்லி மூன்று வகைகளை எடுத்து வைத்தாள்.

ஒன்று, நாங்கள் வாங்கிய முழு மாஸ்க். மூக்கு எப்போதும் அடைத்திருப்பவர்களுக்கும் வாயால்தான் மூச்சு விடுகிறவர்களுக்கும் இது உதவும். ஆனால் பெரியதாக இருப்பதால் கசிய இடமும் அதிகம். வாந்தி வரக்கூடியவர்கள், தானாகக் கழற்ற முடியாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. இரண்டாவது, மூக்கை மட்டும் மூடுவது. பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, நாசித் துவாரத்தில் குட்டித் தலையணை மாதிரி பொருந்தி உட்காருவது. கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்களுக்கும், முகத்தை மூடினாலே பயப்படுகிறவர்களுக்கும் தோதானது. காற்றின் அழுத்தம் அதிகமாக வேண்டியிருந்தால் சிலருக்கு மூக்குத் துவாரம் காய்ந்து எரியும்.

இவர் ஆசைப்பட்டது அந்தக் குட்டி வகைக்கு. போட்டுப் படுத்த பத்து நிமிஷத்தில் எரிகிறது என்றார். மூக்கு மாஸ்க்கைப் போட்டால் மீசை வழியாகக் காற்று போகிறது! "மீசையை எடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் மேலுதட்டுப் பக்கம் கொஞ்சம் ஒட்ட நறுக்கிக்கொள்ளச் சம்மதித்தார். மூக்கை அளந்து, பெரிய சைசுக்குப் பதில் நடு சைஸ் கொடுத்ததும் கசிவு நின்றது. வாயால் மூச்சு விடுகிறாரே என்று கேட்டேன். தூசி அலர்ஜியால் மூக்கடைப்பு இருந்ததுதான் காரணம் என்று டாக்டர் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாளில் வாய் தானாக மூடிக்கொண்டது.

பழக்கப்படுத்துவதும் ஒரு வேலைதான். பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்த்து 'யானை மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெஷினில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுக் கொடுத்தாள். வாரை இறுக்கவே கூடாது; மாஸ்க் லேசாக முகத்தில் உட்கார்ந்தால் போதும். முன்னால் இருக்கும் பொடித் துளைகள் நாம் விடுகிற மூச்சு வெளியேறுவதற்கானவை. காற்று வீணாகிறதே என்று அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் பெரிய தொந்தரவு தேங்காய் எண்ணெய். எண்ணெய் முகத்தில் இருந்தால் சிலிக்கான் மெத்தை வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். அதனால் ராத்திரி முகத்தைக் கழுவித் துடைத்த பிறகுதான் மாஸ்க். காலையில் மெத்தையை மட்டும் கழற்றி, காரமில்லாத சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். வாரை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. ஈரப்பதம் தரும் தொட்டிக்குக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிறேன். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும்.

இன்னொன்று, சில மாஸ்க்குகளில் வாரை மாட்டக் காந்தக் கொக்கி இருக்கிறது. போடுகிறவருக்கோ, பக்கத்தில் படுக்கிறவருக்கோ பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது உடம்புக்குள் வைத்திருந்தால் அந்த வகை ஆகாது. என் மாமியாருக்குப் பேஸ்மேக்கர் உண்டு. வெயில் காலத்தில் எல்லோரும் கூடத்தில்தான் படுப்போம் என்பதால் பிளாஸ்டிக் கொக்கி உள்ளதாகப் பார்த்து வாங்கினோம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவரும் பயந்தார். மூக்கு மாஸ்க்தானே, வாயால் மூச்சு விடலாம், கழற்றியும் வைக்கலாம். முழு மாஸ்க்கில் காற்று நின்றால் தானே திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. இருந்தாலும் ஒரு இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறோம். வளையலில் ஒன்றைத்தான் மீட்டிருக்கிறேன்.

இப்போது எட்டு மாதமாகப் போடுகிறார். காலைத் தலைவலி இல்லை. வேனை எடுக்கும்போது, "நேத்து ஏழு மணி நேரம் போட்டிருக்கேன், மெஷின்ல வந்திருக்கு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். குறட்டைச் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் நடு ராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. மாஸ்க்கின் அந்தத் துளைகளுக்கு முன்னால் கையை வைத்துப் பார்ப்பேன். காற்று வருகிறதென்று தெரிந்ததும் திரும்பிப் படுத்துக் கொள்வேன்.