கதைக்குள்ளே ஓர் இடம்

கதை கேட்பதில் தமிழனுக்கு நிகர் தமிழனே. இராமன் வனம் புகும் கட்டம் வந்ததும் நம் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்; அடுத்த வருஷமும் அதே கட்டத்தில் துடைத்துக் கொள்வார்கள். முடிவு தெரியாததனால் அன்று. அந்தக் கதைக்குள்ளே தமக்கும் ஓர் இடம் உண்டு என்று அவர்கள் எண்ணுவதனால்தான். அந்த இடத்தைத் தேடிப் பெறுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மேல்நாட்டில் இந்த ஆசை தனியொரு விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. ‘லார்ப்’ என்று அதைச் சுருக்கி அழைக்கிறார்கள். ஒரு காட்டிலோ பழைய கோட்டையிலோ பலர் கூடி, வேஷம் பூண்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ அந்தப் பாத்திரங்களாகவே உண்டு, உறங்கி, சண்டையிட்டு, சமாதானம் செய்து வாழ்வார்கள். பார்ப்பதற்கென்று தனியாக ஒருவரும் இல்லை. கூடியவர் எல்லாரும் நடிகர்களே. இங்கிலாந்தில் 1982-ஆம் ஆண்டு செஷைர் மாகாணத்துப் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் இத்தகைய விளையாட்டு ஒன்று ஆரம்பமாயிற்று. டென்மார்க்கில் 2006-இல் தொடங்கிய ஓஸ்டர்ஸ்கோவ் என்னும் பள்ளியில் பாடங்களையே இம்முறையில் கற்பிக்கிறார்கள்.

இந்த விளையாட்டில் புதிதாகச் சேர்பவரை ஒரு சங்கடம் வாட்டுவதுண்டு. அழகாக உடை தைத்துக் கொண்டு போய் நிற்பார்; கதை அவரைத் தாண்டி எங்கேயோ போய்விடும். அரசனும் மந்திரியும் ரகசியம் பேசிக் கொண்டிருப்பார்கள். இவர் கையில் வாளுடன் சுவரோரம் நிற்பார். கல்யாண வீட்டில் ஒருவரையும் தெரியாமல் சந்தனக் கிண்ணத்தின் அருகே நிற்கும் மனிதரை நினைத்துக் கொள்ளுங்கள்!

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் நமது தொண்டை நாட்டுக் கிராமங்களில் வெகு காலமாகவே இருந்து வருகிறது. திரௌபதி அம்மன் உற்சவத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தவசு நாளில் வேஷக்காரர் நெடிய மரத்தின் மீது ஏறி, மேலிருந்து எலுமிச்சம் பழம் முதலியவற்றை வீசுவார். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். இறுதி நாளில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். பீமன் அதன் தொடையில் அடிப்பான். திரௌபதியின் விரித்த கூந்தல் முடியப்படும். பிறகு தீமிதி. எங்கே கூத்து முடிந்தது, எங்கே ஊர் தொடங்கிற்று என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது.

இவ்விழாவில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் சில உண்டு. முதலாவது, கதையை முன்னதாகவே அறிந்து கொள்ளுதல். பகல் பிரசங்கம் கேட்டவனுக்கே இரவுக் கூத்தில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது தெரியும். இரண்டாவது, கட்டுப்படுதல். காப்புக் கட்டிக் கொண்டவன் உற்சவம் முடியும் வரையில் ஊரை விட்டுப் போகலாகாது என்பது வழக்கம். மஞ்சள் கயிறு சிறியதுதான்; ஆனால் “இனி இக்கதை என்னுடையது” என்று மனத்துக்கு உறுதி சொல்ல அது போதும்.

மூன்றாவது, சிறிய வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொள்ளுதல். எல்லாரும் அர்ச்சுனன் ஆக முடியுமா? மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மாடவீதியில் போய்ப் பாருங்கள். அறுபத்து மூவர் பவனி வரும் அன்று, மோரும் பானகமும் சோறும் வழிப்போக்கருக்கு வழங்கும் பந்தல்கள் தெருவெங்கும் நிற்கும். மோர் ஊற்றும் சிறுமி எந்த வேஷமும் போடவில்லை. ஆயினும், அடியார்க்கு அமுதளித்த நாயன்மார்களின் கதையில் அவள் ஒரு பாத்திரம் ஆகிவிட்டாள். கையில் வேலை உள்ளவனைக் கதை ஒருபோதும் தாண்டிப் போவதில்லை.

நான்காவது பாடமே எல்லாவற்றிலும் கடினமானது. நாம் ஏற்கும் பாத்திரத்துக்கு எது நஷ்டம் என்பதை உணர வேண்டும். இதற்கு அந்த அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்தரையே உதாரணமாகக் கொள்ளலாம். நாகப்பட்டினத்துப் பரதவர் அவர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவரது நியமம். பல நாள் ஒரே மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார், பட்டினியால் மெலிந்தார். கடைசியில் பொன்மீன் ஒன்று வந்தது. அதையும் கடலிலேயே விட்டார். இன்றும் ஆவணி ஆயில்ய நாளில் நாகையில் மீனவர்கள் படகேறிச் சென்று பொன்மீனைக் கடலில் விட்டு அச்சரித்திரத்தை நடத்துகிறார்கள். பார்க்கும் நமக்கு அது அழகிய காட்சி. வெறும் வலையுடன் கரை திரும்பிய நாட்களை அறிந்தவர்களுக்கோ, ஒரு மீனை விடுவது என்றால் என்ன என்பது வயிற்றிலேயே தெரியும்.

இங்கேதான் நொச்சிக்குப்பத்தின் நினைவு வருகிறது. கபாலீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் கடற்கரை. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே அந்தக் குப்பம். மயிலாப்பூர்க் குடும்பங்களில் பலர் அதனை மீன் வாங்கும் இடமாகவோ, லூப் சாலையில் வண்டி தடைப்படும் இடமாகவோ மட்டும் அறிவார்கள். சாலையோர மீன் கடைகளைப் பற்றி 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலையில் போவோரும் சாலையோரம் வாழ்வோரும் ஒருவரையொருவர் வேடிக்கை பார்த்த காலம் அது. ஒரே ஊரின் கதையில் இருவரும் பாத்திரங்கள் என்பதை நினைத்தவர் எத்தனை பேர்?

கதையோ இருவருக்கும் பொதுவாகவே இருக்கிறது. திருஞானசம்பந்தர் மயிலையில் பூம்பாவையை எழுப்பிய பதிகத்தில் ஊர் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமல் போவாயோ என்று அவளைக் கேட்கிறார். அவற்றுள் மாசிக் கடலாட்டும் ஒன்று. சாம்பலாகிப் போன பெண்ணை அழைக்கச் சம்பந்தர் கையாண்ட உபாயத்தைக் கவனியுங்கள்: “உனக்கு இங்கே ஓர் இடம் காத்திருக்கிறது” என்பதுதான் அதன் சாரம். எட்டாம் நாள் காலையில் இச்சரித்திரத்தை இன்றும் கோயிலில் நடத்திக் காட்டுகிறார்கள். அதே மாலையில் அதிபத்தர் பல்லக்கேறி வீதிவலம் வருகிறார். மீனவர் ஒருவரை வீதியில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் மீனவர் மற்றொருவரைக் கண்டு முகம் சுளிப்போமானால், நாம் கதைக்குள் நுழையவே இல்லை என்று அர்த்தம்.

யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வி நம் நாட்டில் விளையாட்டுக் கேள்வி அன்று. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டம் வரும் வரையில், கதைகள் குடிகொண்ட கோயில்களின் வாயிலிலேயே நம் சகோதரர்களில் பலர் நிறுத்தப்பட்டார்கள். கூத்து மேடையிலும் நெடுங்காலம் பெண் வேஷத்தை ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் சிறுமிகளும் கூத்துப் பயின்று ஆடினார்கள். கதவு திறந்ததனால் கதை கெட்டுப் போகவில்லை, செழித்தது.

கடைசிப் பாடம், கதையிலிருந்து வெளியே வருதல். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக் கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளை உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். வேஷந்தானே என்று சொல்லக் கூடியவர் அந்த அழுகையைக் கேட்டவர் அல்லர். வருஷமெல்லாம் உலகம் தந்த துயரமும் அதில் கலந்தே வரும். அழுது முடித்து நீராடி ஊர் திரும்புகிறார்கள். உள்ளே போக ஒரு கயிறு இருப்பது போல, வெளியே வரவும் ஒரு முறை வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆகையால் யோசனை சொல்லாமல் முடிக்க என்னால் இயலாது! மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் அதிபத்தர் கதையை நடத்தட்டும். மேடையில் அன்று; நொச்சிக்குப்பத்து மணலில். குப்பத்துப் பிள்ளைகளும் மாடவீதிப் பிள்ளைகளும் கலந்து நடிக்கட்டும். வலையை எப்படித் தோளில் போடுவது, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தால் படகை இறக்கக் கூடாது, வெறுங்கையுடன் திரும்பும் நாளில் வீட்டில் என்ன பேசிக் கொள்வார்கள் என்பவற்றைக் கற்றுக் கொடுக்க அங்கே ஆசிரியர் வேண்டியதில்லை. வகுப்பில் பின் பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் மீனவச் சிறுவனே அன்று குரு. மற்றப் பிள்ளைகள் அவனிடம் கேட்டுக் கேட்டு நடிப்பார்கள். வேஷம் கலைந்த பிறகும், காலையில் சந்தித்தால் அவனைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

வரும் பங்குனியில் மாடவீதிக்குப் போகும் நேயர்கள், அதிபத்தர் பல்லக்கு எது என்று தம் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டட்டும். பிறகு ஒரு நாள் அவர்களைக் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லட்டும்.