கறள், வயர், இறப்பர்: பழைய ஸ்ரேசன் வேகனை வீட்டிலே பராமரித்தல்



எமது வானொலியில் பழைய கார்களைப் பற்றி நான் பேசியதைக் கேட்ட பலர், "அதை எழுத்திலும் தாருங்கோ, வாகனத்துக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு பார்க்கலாம்" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சையே சற்று விரித்து இங்கே தருகிறேன். நான் படித்த மெக்கானிக் அல்ல. வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குடியேறிய ஒரு சாதாரண ஆள். என்னிடம் 1989ஆம் ஆண்டு வொல்வோ 240 ஸ்ரேசன் வேகன் ஒன்று இன்றும் ஓடுகிறது. அது எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. வொல்வோ 240 வரிசை 1974இல் தொடங்கி 1993 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 28 இலட்சத்துக்கும் மேல். தொடக்கத்தில் பெயரின் கடைசி இலக்கம் கதவுகளின் எண்ணிக்கையைக் குறித்தது. 244 என்றால் நாலு கதவுக் கார். 245 என்றால் பின்கதவோடு சேர்த்து ஐந்து கதவு, அதாவது ஸ்ரேசன் வேகன். எங்களில் எத்தனையோ பேர் முதன்முதலில் வாங்கிய வாகனம் இதுதான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பழையது மலிவு, பின்பக்கம் பெரிது. கட்டில், மெத்தை, அரிசி மூட்டை, பிள்ளைகள் எல்லாம் ஒரே தடவையில் ஏறும்.

நடுக்காட்டில் நின்ற கார்

1999 பெப்ரவரியில் நாங்கள் பின்மார்க்கை விட்டு ஒஸ்லோவுக்கு இடம் மாறினோம். பின்லாந்து, சுவீடன் ஊடாக ஏறக்குறைய 2000 கிலோமீற்றர். மனுசி முன்னால், நாலு வயது மகள் பின்னால், அதற்கும் பின்னால் எங்கள் வீடு முழுவதும். பின்லாந்துக் காட்டுப் பாதையில், குளிர் சைபருக்குக் கீழே 28 பாகையில் நிற்கும்போது எஞ்சின் சட்டென்று நின்றது. திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. கைத்தொலைபேசியில் தொடர்பு இல்லை. இருந்த கம்பளி எல்லாவற்றையும் மகளைச் சுற்றிக் கட்டினோம். நாற்பது நிமிடம் கழித்து ஒரு லொறிக்காரர் வந்தார். அவர் சொன்ன மொழி எங்களுக்கு விளங்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தன் லொறிக்குள் வைத்ததுதான் விளங்கியது.

கட்டி இழுத்துப் போன ஊரில் ஒரு கராச். பெற்றோல் பம்ப் பழுது என்று சொல்லிப் புதியது போட்டார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போனது. மூன்று கிழமை கழித்து ஒஸ்லோவில், சிவப்பு விளக்கடியில், கார் திரும்பவும் அதே மாதிரி நின்றது.

எங்கள் மாடியில் ஓய்வு பெற்ற மின்சார வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வந்து, ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். "பம்ப் ஓடுகிற சத்தம் இல்லை" என்றார். பிறகு முன்பயணியின் பக்கத்தில் உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தட்டினார். கார் ஸ்ராட் ஆகியது! அவர் தட்டியது பெற்றோல் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் றிலே. அதைக் கழற்றி, மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியால் காட்டினார். ஈயம் வைத்து ஒட்டிய ஒரு காலைச் சுற்றி, தலைமயிர் அளவில் வட்டமாக ஒரு வெடிப்பு.

ஒவ்வொரு முறை கார் ஓடும்போதும் அந்த ஒட்டு சூடாகி விரிகிறது, நின்றதும் ஆறிச் சுருங்குகிறது. பத்து வருடம் இப்படி நடந்தால் ஈயம் களைத்து வெடிக்கும். சூடான கராசுக்குள் வைத்ததும் வெடிப்பு தற்செயலாகத் தொட்டுக்கொண்டது. பம்ப் மாற்றியதால் சரி வந்தது என்று எல்லாரும் நினைத்தோம். அவர் சொட்டு ஈயம் வைத்து ஒட்டினார். அந்தப் பழுது பிறகு வரவேயில்லை.

அன்றைக்கு இரண்டு விடயம் விளங்கியது. ஒன்று, நல்ல பம்புக்குப் பதிலாக நான் இன்னொரு பம்ப் வாங்கியிருக்கிறேன். மற்றது, "பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை" என்று ஒரு வசனம் சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். இந்த வண்டிகளின் எஞ்சின் புளொக் வார்ப்பிரும்பு. ஒயில் மாற்றினால் அது எங்களை விட அதிக காலம் இருக்கும். வண்டியைச் சாகடிப்பவை மூன்று: இறப்பர், வயர், கறள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை

ஜக்கில் மட்டும் நிற்கிற வாகனத்துக்குக் கீழே எந்தக் காரணம் கொண்டும் போகாதீர்கள். நான் ஒருமுறை சில்லு மாற்றும்போது, பனி உறைந்த தரையில் ஜக் வழுக்கிக் கார் விழுந்தது. கை வெளியே இருந்ததால் கை மிஞ்சியது. மட்டமான, காய்ந்த, கெட்டியான தரை வேண்டும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உயர்த்தியதும், அதன் எடை தாங்கக்கூடிய இரும்புத் தாங்கிகளை உறுதியான இடத்தில் கொடுங்கள். அதன் பிறகு ஒருமுறை காரை அசைத்துப் பாருங்கள். மின் வேலை செய்யுமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள்.

இறப்பர்

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒருமுறை பொனற்றைத் திறந்து, ஆறிய எஞ்சினில் எல்லாக் குழாய்களையும் விரலால் அமத்திப் பாருங்கள். நல்ல குழாய் அமர்ந்து மீளும். கெட்டது கல்லுப் போல இருக்கும், அல்லது ஊறிய பாண் போல இருக்கும். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. றேடியேற்றர் தண்ணீரில் உறையாத் திரவம் பாதிக்குப் பாதி கலந்தால் சைபருக்குக் கீழே 35 பாகை வரை தாங்கும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் உட்பக்கம் கறள் பிடிக்காது.

இந்த எஞ்சினில் பலர் அறியாத ஒரு சிறு பொருள் இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்களுக்குக் கீழே, ஒயில் ஆவி வெளியேறும் பாதையில், விரல் நுனி அளவான ஒரு பிளாஸ்ரிக் வடி. அது கரி பிடித்து அடைபட்டால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடி, ஒயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஒழுகும். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சீல் மாற்றுகிறார்கள். காரணமோ சில குரோனர் பெறுமதியான வடி! சோதிப்பது சுலபம். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையை அந்த வாயில் மாட்டுங்கள். கையுறை உள்ளே இழுபட்டால் நல்லது. பலூன் போல ஊதினால் வடியையும் அதன் குழாய்களையும் கழற்றித் துப்புரவாக்குங்கள். தொங்குகிற உடுப்பும் தலைமயிரும் பெல்ற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைமிங் பெல்ற் 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என் வண்டியில் உள்ள பி 230 எஞ்சினில் அது அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் அடிபடாது, எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. பின்லாந்துக் காட்டை நினைத்துக்கொண்டு நான் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில்லை.

எஞ்சின் ஒயில் ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது. பில்ரரோடு சேர்த்து 4 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பழைய ஒயிலைக் கானுக்குள் ஊற்றக் கூடாது. போத்தலில் அடைத்து நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

வயர்

இந்தக் காரின் பியூஸ்கள் இரு முனையும் கூம்பான பழைய வகை. பெட்டி சாரதியின் கதவடியில் இருப்பதால் ஈரம் படும், முனைகளில் பச்சை பூக்கும். லைற் எரியவில்லை, கீற்றர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அந்தப் பியூசை விரலால் அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். பாதிப் பழுது அதோடு போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, முனைகளைத் தேய்த்துப் போடுங்கள். கூடிய அம்பியர் பியூஸ் போட்டு ஏமாற்றாதீர்கள், வயர் பற்றும்.

ஸ்ரேசன் வேகனுக்கே உரிய பழுது ஒன்று உண்டு. பின்கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீலடியில் வயர்கள் வளைகின்றன. காலப்போக்கில் உள்ளே செம்பு அறுந்துவிடும், வெளியே தெரியாது. பின் வைப்பர், கண்ணாடிச் சூடாக்கி, இலக்கத்தகட்டு விளக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பல்ப்பை மாற்றிக் களைக்காமல் கீலடி வயரைத் திறந்து பாருங்கள். வளைந்து கொடுக்கும் மெல்லிழை வயரை நீளமாக இணைத்து, ஒட்டுகள் கீலில் வராமல் இரு பக்கமும் தள்ளி வையுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1980களின் முற்பகுதியிலிருந்து 1987 வரையான வண்டிகளில் எஞ்சின் வயர்களின் உறை காய்ந்து உதிரும். வாங்குமுன் மெல்ல வளைத்துப் பாருங்கள்.

கறள்

ஊரில் உப்புக் காற்று. இங்கே தெருவில் கொட்டும் உப்பு. இரண்டுக்கும் இரும்பு ஒன்றுதான். பனி கரைந்ததும் முதல் வேலை, அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் தண்ணீர் அடித்துக் கழுவுவது. கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். சேற்றைக் குத்தி எடுத்துவிடுங்கள். சாமான் ஏற்றும் தட்டுக்கு அடியில் இருபுறமும் உள்ள பள்ளங்கள், பின்கதவின் கீழ் ஓரம், முன் விரிப்புக்குக் கீழான தரை, இந்த இடங்களைத் தூக்கிப் பாருங்கள். விரிப்பு ஈரமாயிருந்தால் அடியில் கறள் நடக்கிறது. மேலோட்டமான கறளைத் தேய்த்து, கறள் தடுக்கும் பூச்சடித்து, மேலே மெழுகு அடிக்கலாம். ஸ்குறூ டிரைவரால் குத்த உள்ளே போனால் அது எங்கள் வேலை அல்ல, ஒட்டுவேலை தெரிந்தவரின் வேலை. ஈயூ கொன்ட்றோலில் சுமை தாங்கும் இடத்தில் ஓட்டை கண்டால் தேறாது.

கை வைக்கக் கூடாதவை

பிறேக். இந்தக் காரில் பிறேக் இரண்டு பாதையாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதையும் இரண்டு முன்சில்லையும் ஒரு பின்சில்லையும் பிடிக்கும். ஒன்று வெடித்தாலும் மற்றது நிறுத்தும். ஆனால் அதனாலேயே காற்று நீக்கும் முறை சிக்கலானது. திரவம் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெற்றோல் குழாய்களும் அப்படியே.

ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் சித்தப்பா பழைய ஒஸ்ரின் காரைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடு கண்டால்தான் எரியும். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால் அது வேறு வழியில்லாத காலம். பிறேக்கிலும் பெற்றோலிலும் அந்தக் கெட்டித்தனம் இங்கே வேண்டாம்.

ஒரு கொப்பி

கடைசியாக, காருக்குள் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, கிலோமீற்றர், என்ன செய்தது, என்ன சத்தம் கேட்டது. என் கொப்பியில் இடப்பக்கம் தமிழ். வலப்பக்கம் மகள் எழுதிய நோர்வேஜியச் சொற்கள். பியூசுக்கு சிக்றிங், பிறேக்குக்கு பிறெம்ஸ், பெற்றோல் பம்புக்கு பென்சின்பும்ப. பள்ளிக்கூடக் காலத்தில் ரோச் பிடித்துக்கொண்டு நின்று எழுதியவை. அதற்குப் பிறகு எந்தக் கராசிலும் நான் வாய் பேசாமல் நிற்கவில்லை.

சென்ற கோடையில் மனுசி, "இதைக் கொடுத்துவிட்டு ஒரு மின்சாரக் காரை வாங்குவம்" என்றா. நியாயமான கதைதான். மகள் மட்டும், "அப்பா, கொடுக்கிறதெண்டால் எனக்குத் தாங்கோ" என்றாள். கம்பளிக்குள் கிடந்த அந்தப் பயணம் அவளுக்கு நினைவில்லை. லொறிக்குள் யாரோ பிஸ்கற் தந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். கொப்பியை முதலில் கொடுத்திருக்கிறேன். ஒரு குளிர்காலம் அவளே பார்த்துப் பராமரிக்கட்டும், பிறகு திறப்பைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கிழமையே வீட்டில் உள்ள காரின் பொனற்றைத் திறந்து, பிள்ளையிடம் ரோச்சைக் கொடுத்து, ஒரு குழாயையாவது அமத்திப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் வானொலிக்கு எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.