பெயர் சுட்டா மரபும் எச்.ஐ.வி. சட்டமும்

அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை. இது தொல்காப்பியம் வகுத்த மரபு. இக்கால நீதிமன்றங்களிலும் பெயர் சுட்டாமை ஓர் உரிமையாக வளர்ந்துள்ளது. எச்.ஐ.வி. தொற்றுடையார் திறத்து அவ்வுரிமையின் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

பம்பாய் உயர்நீதிமன்றம் 1997-இல் முடிவு செய்த வழக்கொன்றில், தொற்றுண்மை காரணமாக வேலை மறுக்கப்பெற்ற தொழிலாளர் ஒருவர் 'எம்.எக்ஸ்.' என்னும் எழுத்துகளாலேயே குறிக்கப்பெற்றார். பணி செய்யும் தகுதி உடையாராய்ப் பிறர்க்கு ஊறு விளைக்காதிருப்பவர்க்குத் தொற்றினைக் காட்டி வேலை மறுத்தல் அரசியலமைப்பிற்கு முரண் என்பது தீர்ப்பு. பெயர் மறைந்தமையால் உரிமை வெளிப்பட்டது எனலாம்.

ஆயின், எழுத்தினுள் பெயரை மறைத்தல் மட்டும் காப்பாகுமோ எனின், ஆகாது என்க. சென்னை மருத்துவமனை ஒன்றில் குருதி வழங்கிய ஒருவரின் தொற்று வெளிப்பட்டு, அவர்தம் திருமணம் தடைப்பட்டது. அவர் தம் ஊரை விட்டு நீங்கவும் நேர்ந்தது. மணமகளின் உயிர்க்காப்பினை முன்னிட்டு, மறைகாக்கும் உரிமை வரம்பற்றது அன்று என உச்சநீதிமன்றம் 1998-இல் கூறிற்று. அத்தீர்ப்பிற் கண்ட திருமண உரிமை பற்றிய கருத்துகள் அவ்வழக்கிற்கு வேண்டாதவை என 2002-இல் அந்நீதிமன்றமே தெளிவுறுத்தியது. வழக்கேட்டில் அவர் 'எக்ஸ்'. ஊரிலோ பெயர் முன்னரே பரவிவிட்டது. அகப்பாடலிற் பெயர் இல்லையெனினும் ஊரில் அலர் எழுதல் போன்றது இது.

எனவே, காப்பு நீதிமன்ற வாயிலில் அன்று, குருதி எடுக்கும் இடத்திலேயே தொடங்குதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இம்முறையிலேயே அமைந்துள்ளது. 10-9-2018 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சோதனைக்கு முன் அறிந்து தரும் இசைவை வேண்டும். 8-ஆம் பிரிவு, இசைவின்றி வெளியிடுதலைப் பொதுவாக விலக்கும். 34-ஆம் பிரிவு, வழக்கில் புனைபெயர் வழங்க இடந்தரும். துணைவர்க்கு இடர் உண்டாயின், தொற்றுடையாரைத் தாமே கூறுமாறு முதலில் அறிவுறுத்தி, அவர் கூறாரெனத் தெளிந்து, தம் கருத்தையும் அவர்க்கு உணர்த்திய பின்னரே மருத்துவரோ ஆற்றுப்படுத்துநரோ அதனை வெளியிடலாம் என்பது 9-ஆம் பிரிவு. 1998-இல் எழுந்த சிக்கலுக்கு இதனை விடையாகக் கொள்ளலாம்.

பெயரின்மைக்கு மற்றொரு பயனும் உண்டு. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவும் சென்னை மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999-இல் உருவானது, எச்.ஐ.வி. பரவலைக் கண்காணிக்கும் பணியிலும் ஈடுபடுவது. இத்தகைய கண்காணிப்பில் சோதனை பெயரின்றி நிகழுமாயின் தனி இசைவு வேண்டா என்கிறது 6-ஆம் பிரிவு. ஆயினும் ஆய்வின் நோக்கத்தை உரியார்க்கு அறிவித்தல் கடன். பெயர் நீங்கிய குருதி நாட்டின் நிலையை உணர்த்தும். குருதி தந்தார்க்கு அவர்தம் நிலையை உணர்த்தாது. அதனை அறியவும் மருந்து பெறவும், இசைவுடன் கூடிய தனிச் சோதனை எளிதிற் கிட்டுதல் வேண்டும்.

அகமரபில் பெயரின்மை ஒருவர் உணர்வைப் பலர்க்கும் பொதுவாக்கும். சட்டத்தில் அது பலர் நாவினின்றும் ஒருவரைக் காக்கும். தொற்றுடையார் பெயர் மறைவது நாணத்தால் அன்று, உரிமையால் என்னும் தெளிவு பிறந்தாலன்றி, அக்காப்பு ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே நம் கருத்து.