நுண்ணுயிர் உரம் இடும் முன் மண்ணைச் சரிசெய்யுங்கள்

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரங்களை இட்ட விவசாயிகளில் சிலர் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். வேறு சிலரோ பணம் செலவானதுதான் மிச்சம் என்கிறார்கள். ஒரே கடையில் வாங்கிய உரம்கூட அடுத்தடுத்த இரண்டு வயல்களில் இரு விதமாக வேலை செய்வதுண்டு. காலம் கடந்த உரமும், வெயிலில் கிடந்த உரமும் பலன் தராது. ஆனால் நல்ல உரமே பலிக்காமல் போனால் மண்ணின் நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் பல கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றின் வகைகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை, கரையாத மணிச்சத்தைக் கரைப்பவை, இலை தழைகளை மக்கச் செய்பவை, பயிருக்கு நோய் தருபவை என அவை பலதரப்பட்டவை. இவற்றில் எது பெருகும், எது ஒடுங்கும் என்பதை மண்ணின் கார அமில நிலை, ஈரம், காற்றோட்டம், வெப்பம், மக்கும் பொருள் ஆகியவையே முடிவு செய்கின்றன.

கார அமில நிலை

இவற்றில் முதன்மையானது கார அமில நிலை. இதை பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம் கூடும். மேலே போகப் போகக் காரம் கூடும்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு வயல் உண்டு. 19-ம் நூற்றாண்டில் அங்கு இட்ட சுண்ணாம்பு ஒரே சீராகப் பரவவில்லை. அதனால் சுமார் 180 மீட்டர் நீளத்துக்குள்ளேயே பி.எச். 4 முதல் 8-க்கு மேல் வரை மாறுகிறது. மழையும் வெயிலும் முழு வயலுக்கும் ஒன்றுதான். ஆனாலும் பி.எச். 4 உள்ள பகுதியைவிட 8 உள்ள பகுதியில் பாக்டீரியா வகைகள் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன என்று 2010-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

வட, தென் அமெரிக்காவில் 98 மண் மாதிரிகளைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே உண்மை தெரிந்தது. நடுநிலை மண்ணில் வகைகள் மிகுதி. அமில மண்ணில் குறைவு. செழித்த அமேசான் காட்டின் அமில மண்ணில்கூட பாக்டீரியா வகைகள் குறைவாகவே இருந்தன. மேலே பசுமையாக இருப்பதாலேயே கீழே எல்லா வகையும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் மண் அமிலத் தன்மை உடையது. அசட்டோபாக்டர் அமில மண்ணில் நிலைப்பது அரிது. பயறு வகைகளிலும் வேர் முடிச்சுகள் குறையும். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு இடக் கூடாது. தேயிலைக்கு அமில மண்தான் ஏற்றது. உருளைக்கிழங்கில் சொறி நோய் உண்டாக்கும் நுண்ணுயிரும் அமிலம் குறைந்தால் பெருகும்.

களர் நிலத்தின் நிலை வேறு. பி.எச். 8.5-க்கு மேல் போன களர் மண் இறுகிக் கிடப்பதால் நீரும் இறங்காது, காற்றும் புகாது. அங்கே முதலில் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழ வேண்டும். நுண்ணுயிர் உரம் அதன் பிறகுதான்.

நீரும் காற்றும்

நெல் வயலில் நீர் கட்டினால் ஓரிரு நாளில் சேற்றிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். மேலே மெல்லிய ஏட்டிலும் வேரை ஒட்டியும் மட்டுமே காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் வாழும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை அந்த மேல் ஏட்டிலுள்ளவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் கீழே இறங்கியதும், காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு வகைகள் அதை வாயுவாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. யூரியாவுக்குக் கொடுத்த காசு இப்படியும் காற்றில் போகிறது. மேலுரம் இடும்போது நீரை வடித்து, உரம் சேற்றோடு கலக்கும்படி களைக்கருவி ஓட்டி, மறுநாள் நீர் கட்டினால் இழப்பு குறையும்.

நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்களும் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில் காற்றை விரும்பும் ரைசோபியம் குறைந்திருக்கக்கூடும். எனவே விதை நேர்த்தியைத் தவறவிடக் கூடாது.

கோடையும் முதல் மழையும்

கோடையில் மேல் மண் காய்ந்து சூடேறும்போது பல வகைகள் மடிகின்றன. பேசில்லஸ் இனத்தவை உறைவித்தாக மாறித் தாக்குப் பிடிக்கின்றன. வறட்சியைத் தாங்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற வகையே முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணம். காய்ந்த மண் நனைந்ததும் எஞ்சியவை வேகமாகப் பெருகி, மடிந்தவற்றையும் மக்கையும் தின்று தழைச்சத்தை வெளிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்ற விஞ்ஞானி இதை 1958-ல் விளக்கினார். இந்தச் சத்து மழையோடு அடித்துச் செல்லப்படும் முன் பயிர் வேர் பிடிக்க வேண்டும். மானாவாரியில் பருவம் தவறாமல் விதைப்பதன் ஒரு நன்மை இது.

செய்ய வேண்டியவை

வயலில் 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தாள்களை எரிக்கக் கூடாது. பாக்டீரியாவின் உணவு மக்கும் பொருள்தான். ஆனால் வைக்கோலை மடக்கி உழுதால், நடவுக்கு முன் இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். இல்லாவிட்டால் அதை மக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் வெளுக்கும்.

ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 4 பாக்கெட், அதாவது 800 கிராம், 10 கிலோ மக்கிய தொழு உரத்துடனும் 10 கிலோ மண்ணுடனும் கலந்து, ஈரமுள்ள நிலத்தில் மாலையில் தூவலாம். ரசாயன உரத்துடன் கலக்கக் கூடாது.

விதைக்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேர இடைவெளி தேவை.

பலனைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. விதைத்து ஒரு மாதம் கழித்து நிலக்கடலை அல்லது உளுந்துச் செடிகள் சிலவற்றை மண்வெட்டியால் வேரோடு எடுத்து, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே சிவந்திருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெளுத்திருக்கிறது என்றால், அடுத்த பருவத்துக்குக் கூடுதலாகப் பாக்கெட் வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.